மிளகின் வயிற்றில் ஒரு துணி

மார்ச் 4

டாக்டரம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அண்ணன் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

மிளகு உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள்மேல் உனக்குப் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

போன திங்கட்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை மூக்குக்கு நேரே வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கியபோது கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. உன்னிடம் வந்தபோது பதினாலு கிலோ இருந்தவள், இப்போது ஒன்பதரை. உனக்குப் போன் செய்யவில்லை. செய்தால் என்ன சொல்வாய் என்று எனக்கே மனப்பாடம். எங்கள் தெருமுனையில் நாய், பூனை பார்க்கும் கண்ணாடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருப்பாரே, அவர்தான்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். அன்றைக்கே திறந்தார். உள்ளே ஒரு துணி. ஏழு மாதத்துக்கு முன்னால் நீ உன் கிளினிக்கில் அவளுக்குக் கருப்பை எடுத்தாயே, அப்போது ரத்தம் ஒற்றுவதற்கு வைத்த துணி. நாலாக மடித்தது. குடலோடு ஒட்டிப் பின்னிக்கிடந்ததால் ஒரு சாண் குடலையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. துணியைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். போட்டோ இத்துடன் இருக்கிறது.

அக்டோபரில் உன்னிடம் சொன்னேன், வாந்தி எடுக்கிறாள் என்று. "அது ஒண்ணுமில்ல அண்ணி, வாயுதான்" என்றாய். டிசம்பரில் சொன்னேன், இளைக்கிறாள் என்று. "செல்லம் ஜாஸ்தி, அதான் சாப்பாட்ட ஒதுக்குறா" என்றாய். ஜனவரியில் வயிற்றில் கட்டி தட்டுப்படுகிறது என்றேன். "நெட்ல படிச்சுட்டு என்னைப் போட்டு வதைக்காதீங்க" என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

நடந்தது என்ன என்று நீ எழுத வேண்டும். உன் கையால், முழுசாக. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

மிளகு பிழைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நிம்மதி வேறு, பழி வேறு. பழியை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள என்னால் முடியாது.

போட்டோவைப் பார்த்தேன். நாலு முறை பார்த்தேன். அது என் துணி இல்லை. என் கிளினிக்கில் அறுவை சிகிச்சைக்கு வைக்கிற துணியில் ஒரு ஓரத்தில் நீல இழை ஓடும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அப்படித் தயாரிக்கிறார்கள். உங்கள் போட்டோவில் நீல இழை இல்லை. அது போக, உள்ளே வைக்கும்போதும் எடுக்கும்போதும் என் நர்ஸக்கா வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வராமல் இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வயிற்றைக்கூட மூடியது கிடையாது.

நாய்கள் எதைத்தான் விழுங்காது? மிளகு உங்கள் வீட்டில் இதுவரை எத்தனை காலுறை தின்றிருக்கிறாள் என்று அண்ணனைக் கேளுங்கள். ஜோடி இல்லாத காலுறைகளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர். இன்னொன்றும் சொல்கிறேன். பத்தாம் நாள் தையலைக் காட்டக் கூட்டி வாருங்கள் என்றேன். வரவில்லை. "நல்லாத்தான் ஓடுறா" என்று போனில் சொல்லிவிட்டீர்கள்.

அண்ணி, நீங்கள் மட்டும் என்று இல்லை. எங்களிடம் வருகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான். தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மனுஷ ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். என் கிளினிக்கில் பத்து நிமிடம் தாமதமானால் மேஜையைத் தட்டுவார்கள். போன வாரம் ஒருவர் பதினெட்டு வயதுப் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "பழையபடி அலமாரி மேல தாவணும் டாக்டர்" என்றார். அதற்குச் சிறுநீரகமே வேலை செய்யவில்லை. நான் கையை விரித்தபோது என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தார். மருந்து கொடுத்தால் ஏன் கொடுத்தாய், கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை. விலங்குக்கு வாய் இல்லை, அதனால் அதன் சார்பில் எல்லோரும் பேசிவிடுகிறார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

கண்ணாடி டாக்டர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கிறபோது யாருக்கும் கண் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

மிளகுக்கு ஒரு வாரம் கஞ்சி மாதிரி இளகின சாப்பாடு மட்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

அன்புடன்,
டாக்டர்

மார்ச் 13

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். காலுறை வந்த இடத்தில் மட்டும் தன் காலைப் பார்த்தார். மற்றபடி வாயைத் திறக்கவில்லை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று நாள் முழுக்க மைக்கில் ஊருக்கே அறிவிக்கிறவர், வீட்டில் தான் எந்தப் பக்கம் என்று அறிவிக்க மாட்டேன் என்கிறார்.

விழுங்கினாள் என்கிறாய். விழுங்கின பொருள் குடலுக்கு உள்ளே இருக்கும். இது குடலுக்கு வெளியே இருந்தது. இதைக் கண்ணாடி டாக்டர் சொன்னார், எழுதியும் கொடுத்திருக்கிறார். ஒரு நாய் துணியை விழுங்கி, அதைக் குடலிலிருந்து வெளியே எடுத்து, நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுமா? மிளகு கெட்டிக்காரிதான். அவ்வளவு கெட்டிக்காரி இல்லை.

உனக்கு என் வேலை என்னவென்று தெரியும், ஆனால் ஒருநாளும் நீ விசாரித்ததில்லை. குழந்தைச் சட்டை தைக்கிற ஆலையில் நான் தரம் பார்க்கிறவள். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் அந்த லைன் முழுக்க நிற்கும். நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உடைந்த துண்டு எல்லாவற்றையும் காந்தம் வைத்துத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்து, முழு ஊசி ஆகிறது என்று தெரிந்த பிறகு ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால், அந்த மேஜையில் இருக்கிற அத்தனை சட்டையும் குப்பைக்குப் போகும். மேனேஜர் என் தலைக்கு மேல் நின்று "ஒரு சின்ன முனைதானே" என்பார். அந்த முனை எந்தக் குழந்தையின் கழுத்தில் குத்தப்போகிறது என்று கேட்பேன். போய்விடுவார்.

அது சட்டை. நீ தைத்து மூடியது உயிருள்ள வயிறு.

பத்தாம் நாள் நான் கூட்டி வராதது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். என் பக்கத்துத் தப்பை நான் ஒரே வரியில் சொல்லிவிட்டேன் பார். உனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது, அதிலும் வரவில்லை.

கால்நடை மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி தபாலில் போடுவேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன்.

மிளகு இன்று வாலை ஒருமுறை ஆட்டினாள். நாங்கள் இருவரும் வேலைக்கு லேட்டாகப் போனோம்.

அண்ணி

மார்ச் 21

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் கிழிக்கக் காகிதம் இல்லை, இது இப்படியே வரும்.

உங்கள் கடிதம் வந்த அன்று போட்டோவை நர்ஸக்காவிடம் காட்டினேன். என் பக்கம் சாட்சி சொல்வார் என்றுதான் காட்டினேன். "நம்ம துணியில நீல நூல் இருக்கும்ல அக்கா, பாருங்க, இதுல இல்ல" என்றேன். அவர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை டாக்டர். எனக்கு லீவு. பீரோ சாவி என்கிட்டதானே இருந்துச்சு? நீங்க எதை எடுத்தீங்க?"

எதை எடுத்தேன் என்று அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. பீரோ பூட்டியிருந்தது. காயத்துக்குக் கட்டுப்போடும் அறையில் இருந்த வெறும் துணியைச் சுட வைத்து எடுத்துக்கொண்டேன். அதில் நீல இழை கிடையாது. அதை யாரும் எண்ணவும் இல்லை, எண்ண அங்கே ஆளே இல்லை. நான் மட்டும்தான். ஒரு கையில் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துணியை வைத்தேன், எடுத்தேன். எத்தனை வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. ரிக்கார்டில் மட்டும் "எண்ணிக்கை சரி" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. வழக்கமாக எழுதுகிற வரி. அன்றைக்கும் கை தானாக எழுதிவிட்டது. அந்தப் பக்கத்தை இப்போது பார்க்கப் பார்க்க, துணியை விட்டதைவிட அந்த இரண்டு வார்த்தைதான் பெரிய தப்பு என்று தோன்றுகிறது.

வயிற்றில் துணியை விட்டது நான். எண்ணாமல் எண்ணியதாக எழுதியது நான். மூன்று முறை நீங்கள் சொன்னபோது தொட்டுப் பார்க்காமலே வாயு என்று சொன்னதும் நான். உடம்பைத் தொட்டுப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? தொடவே இல்லை. வேறு யாராவது வந்து, நாய் ஏழு மாதத்தில் நாலரை கிலோ குறைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மேஜைமேல் ஏற்றியிருப்பேன். நம் வீட்டு ஆள் என்பதால் காது கொடுக்கவில்லை. உங்கள் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சாகத்தான் கேட்டது.

என் கூடப் படித்தவன் ஒருவன் இருக்கிறான், இப்போது ஊசி போடுவதைவிட யோசனை சொல்வதில் அதிகம் சம்பாதிக்கிறான். "நாய் முழுங்கிடுச்சுன்னு ஒரே பிடியா நில்லு, உறவுக்காரங்க தானே, ரெண்டு மாசத்துல ஆறிடும்" என்றான். நல்ல யோசனைதான். அதைத்தான் அவன் சொல்வதற்கு முன்பே நான் உங்களுக்கு எழுதியிருந்தேன்.

புகாரைப் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் கூட வையுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரிக்கார்டின் நகலை நான் இத்துடன் அனுப்புகிறேன்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதத்தான் வந்தேன். இப்போது எழுதினால் புகாரைப் போடாதீர்கள் என்று கேட்பது போல் ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

குட்டி

மார்ச் 28

குட்டி,

புகார் நேற்றுக் காலை தபாலில் போய்விட்டது. உன் கடிதமும் உள்ளே இருக்கிறது.

போடாமல் விடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன், மறைக்கவில்லை. நீதான் ஒத்துக்கொண்டுவிட்டாயே. ஆனால் ஆலையில் யாராவது என்னிடம் வந்து "அக்கா, முனை தொலைஞ்சுபோச்சு, என் தப்புதான்" என்று உண்மையைச் சொன்னால், அவளைத் திட்ட மாட்டேன், ரெஜிஸ்டரில் எழுதாமலும் விடமாட்டேன். இரண்டும் வேறு வேறு. உன்னிடம் மட்டும் வேறு மாதிரி நடந்தால், மறுபடியும் நீ வீட்டு ஆள் ஆகிவிடுவாய். அதில்தான் எல்லாம் கெட்டது.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று கேட்டது நான். வார நாளில் எனக்கு லீவு கிடைக்காது என்றேன். நீ "அன்னைக்கு ஆள் இருக்காது அண்ணி" என்றாய். "நம்ம வீட்டு டாக்டர்தானே, ஒரு நாள் நமக்காகச் செய்ய மாட்டியா?" என்று சொன்னது நான். அதோடு விடவில்லை. உன் அண்ணனுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி, ஊர் திரும்ப நாலு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நீ உள்ளே மிளகைத் திறந்து வைத்திருந்தபோது நான் கதவைத் தட்டினேன். இரண்டு தடவை. "முடிஞ்சுதா? நேரமாச்சு" என்றேன். இரண்டாவது தடவை நீ "இதோ, மூடிட்டேன்" என்றாய்.

என் லைனில் ஊசி தேடிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து அப்படித் தட்டினால் அவரை என்ன சொல்வேன் என்று யோசித்தேன். எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

அதனால் புகாரில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். உன் தப்பு அதனால் குறைந்துவிடாது. கதவை யார் தட்டினாலும் எண்ணியிருக்க வேண்டியது நீதான். ஆனால் நடந்தது முழுசாக இருக்க வேண்டும், துண்டு துண்டாக இருக்கக்கூடாது.

உன் அண்ணன் புகாரைப் படித்துவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னுட்டீங்களே, நான் இப்ப எங்க நிக்கிறது?" என்று கேட்டார். மிளகுக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னேன்.

அண்ணி

மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று கவுன்சில் விசாரணையில் நீங்கள் பேசி முடித்ததும் பஸ் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போய்விட்டீர்கள். தீர்ப்பை நீங்கள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் போனீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அறையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க உங்களுக்கு மனசு வரவில்லை. எனக்கும் நீங்கள் அங்கே இல்லாததுதான் நல்லதாக இருந்தது.

நீங்கள் போனபிறகு அந்த ஐந்து பேரும் கொஞ்ச நேரம் காகிதங்களையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலம்மா. இதுல யாரு யார் மேல புகார் குடுத்திருக்கீங்க? அவங்க வந்து கதவைத் தட்டினேங்கிறாங்க, நீங்க வந்து எண்ணலைங்கிறீங்க. வழக்கமா இங்க வர்றவங்க எதிர்ப்பக்கமாத்தான் பேசுவாங்க."

"புகார் என் மேலதான் சார்" என்றேன். "அவங்க கேட்டாங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லல."

மூன்று மாதம் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது. எழுத்தில் கண்டனம். உதவியாளர் இல்லாமல் இனி எந்த அறுவையும் கூடாது, எண்ணிக்கையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். பொய்யாக எழுதிய அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான் நிறைய நேரம் கேட்டார்கள். நியாயம்தான்.

உத்தரவைக் கிளினிக் வரவேற்பறையில் ஒட்டிவிட்டேன். ஒட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஏன் எல்லா அறுவையையும் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொய் சொல்வதைவிட இது சுலபம். இரண்டு பேர் நின்று படித்துவிட்டு நாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா மட்டும் கிளிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தார். "தப்பு செஞ்சா ஒட்டி வைக்கிற டாக்டர இப்பதான் பாக்குறேன். மத்தவங்க ஒட்டலன்னா செய்யலன்னு அர்த்தமா?" என்றார். கிளிக்கு இறகு உதிர்கிறது. அதைப் பார்த்தோம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கவலைப்படாதீர்கள். காது சுத்தம் செய்கிறேன், நகம் வெட்டுகிறேன், தடுப்பூசி போடுகிறேன். முக்கியமாக, கேட்கிறேன். வருகிறவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறேன். அதில் பாதி தேவையில்லாத பேச்சுதான் அண்ணி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவர் தன் நாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லை என்று கால் மணி நேரம் விளக்கினார். ஆனால் மீதிப் பாதிக்குள் எங்கேயோ விஷயம் இருக்கிறது.

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். என்னை மன்னியுங்கள், அண்ணி. மிளகிடமும் சொல்லுங்கள்.

குட்டி

ஆகஸ்ட் 29

குட்டிக்கு,

மிளகிடம் சொன்னேன். என் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கொஞ்சம் அதிக நாள் ஆனது. போன மாதம் ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, கோபம் இல்லையே என்று திடீரென்று தோன்றியது. எப்போது போனது என்று தெரியவில்லை.

இப்போது அவள் பதிமூன்று கிலோ. மறுபடியும் காலுறை திருடுகிறாள். ஆனால் பழைய தையல் இருந்த இடத்தில், தோலுக்குக் கீழே ஒரு புடைப்பு தெரிகிறது. படுத்தால் உள்ளே போகிறது, நின்றால் வருகிறது. கண்ணாடி டாக்டர், குடல் இறங்குகிறது, அவசரம் இல்லை, ஆனால் திறந்து சரிசெய்துவிடுவது நல்லது என்கிறார்.

உன் மூன்று மாதம் முடிந்துவிட்டது. நீ செய்.

இது நான் யோசித்து எடுத்த முடிவு. உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. வார நாளில் வருகிறேன், லீவு போட்டுவிட்டேன். நர்ஸக்கா இருக்கட்டும், இரண்டு கையெழுத்து இருக்கட்டும். நான் வெளியே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். திருத்திக்கொண்ட லைனை மறுபடியும் ஓட விடவில்லை என்றால், திருத்தினதற்கு அர்த்தமே இல்லை.

எந்தத் தேதி என்று எழுது.

அண்ணி

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையை உங்களிடம் இதுவரை நான் சொன்னதே இல்லை. எழுதிவிட்டு எழுந்து ஒரு நடை நடந்து வந்தேன். மறுபடி வந்து பார்த்தேன், அப்படியே இருந்தது.

பயம் என்று நினைக்காதீர்கள். தடை முடிந்த மறுநாளே ஒரு ஆட்டுக்குச் சிக்கலான பிரசவம் பார்த்தேன். தாயும் இரண்டு குட்டியும் நலம். ஆனால் மிளகின் வயிற்றைத் திறந்தால் நான் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இந்தத் தடவை சரியாகச் செய்துகாட்ட வேண்டும் என்று உங்களுக்காக ஒரு கண் வைத்திருப்பேன். அவளுக்குத் தேவை இரண்டு கண்ணும் தன்மேல் இருக்கிற ஒரு டாக்டர். கண்ணாடி டாக்டர் அவள் வயிற்றுக்குள் ஏற்கெனவே போய்வந்தவர், எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தவர். அவரே செய்யட்டும். போன கடிதங்களில் அவரைப் பற்றி நான் எழுதியதற்கு நேரில் வந்து வருத்தம் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் லைன் உவமை நன்றாக இருந்தது. ஆனால் உங்கள் ஆலையில் சொந்தத் தம்பி தைத்த சட்டையை உங்களையே தரம் பார்க்க விடுவார்களா?

எனக்குத் தேதியைச் சொல்லுங்கள். நான் வருகிறேன். டாக்டராக இல்லை. மிளகின் அத்தையாக வெளியே உங்களுடன் உட்கார்ந்திருக்க வருகிறேன்.

குட்டி

செப்டம்பர் 14

குட்டிக்கு,

உன் "முடியாது" வந்த அன்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் உன் அண்ணனிடம் காட்டினேன். "இதை அவ ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்றேன். உன்னிடம் வருவதற்காகப் போட்டிருந்த லீவை அன்றைக்கே கண்ணாடி டாக்டர் சொன்ன தேதிக்கு மாற்றினேன்.

மிளகு நலம். நீ பஸ் ஏறியபிறகு எழுந்து நின்று, தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் வட்டத்தோடு கதவில் முட்டி, கதவைப் பார்த்துக் குரைத்தாள். புடைப்பு இல்லை. தையல் ஒன்பது. நான் எண்ணினேன்.

ஆனால் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அறுவை அன்று கண்ணாடி டாக்டரின் கிளினிக் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பற்றி. முதல் பத்து நிமிடத்தில் மூன்று தடவை அந்த வரவேற்புப் பெண்ணிடம் போனாய். "மயக்கம் கொடுத்தாச்சா, என்ன மருந்து, எத்தனை மில்லி?" அவள் "தெரியல மேடம், உக்காருங்க" என்றாள். "நானும் டாக்டர்தான்" என்றாய். "பரவாயில்ல மேடம், உக்காருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரை மணி ஆனதும் உன் முகத்தில் ரத்தமே இல்லை. "இவ்வளவு நேரம் ஆகாதே அண்ணி, இவ்வளவு நேரம் ஆகக்கூடாதே" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். இன்னும் அந்த இடத்தில் நகத்தடம் இருக்கிறது. கிளினிக்கின் உள்பக்கத்தில் எல்லாம் தெரிந்த நீ, வெளிப்பக்கத்தில் என்னைவிட மோசம்.

உள்ளே இருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். கண்ணாடி டாக்டர் கெட்டிக்காரர், நல்லவர், ஆனால் அவருக்கு அது தோன்றவில்லை. உனக்காவது தோன்றட்டும்.

அண்ணி

செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

மணிக்கட்டுக்கு மருந்து தடவினீர்களா? நகத்தடத்தைச் சாதாரணமாக விடக்கூடாது. டாக்டராகச் சொல்கிறேன், கேலி செய்யாதீர்கள்.

அன்றைக்கு மொத்தம் ஐம்பது நிமிடம். அதே அறுவையை நானும் ஐம்பது நிமிடத்தில்தான் செய்வேன், அது எனக்கு ஒருநாளும் நீளமாகத் தெரிந்ததில்லை. மேஜையைத் தட்டுகிறார்கள் என்று உங்களுக்கு எரிச்சலோடு எழுதினேன். இரண்டாவது கால் மணியில் எனக்கும் எதையாவது தட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

இன்று ஒரு முயல் வந்தது. வெள்ளை, காது மட்டும் சாம்பல். முன்பல் வேரில் சீழ். முயலுக்கு மயக்கம் கொடுப்பது கொஞ்சம் ஆபத்தான வேலை, பயத்திலேயே செத்துப்போகும் ஜாதி. கூட்டி வந்தவர் ஒரு லாரி டிரைவர். பெரிய உடம்பு, குரலும் அப்படித்தான். வண்டியில் தனியாகப் போகிற தூரமெல்லாம் அதைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டுதான் போவாராம். "உசுரோட குடுத்துருவீங்கள்ல?" என்று கேட்டார். முன்பெல்லாம் "பாத்துக்கலாம், போங்க" என்பேன். இன்று அவரை உட்கார வைத்து, என்ன செய்யப்போகிறேன், எது தப்பாகப் போகக்கூடும், பத்தில் எத்தனை முயலுக்கு என்ன ஆகும் என்று எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க முகம் சுருங்கிப்போனது. ஆனால் கையெழுத்துப் போடும்போது என் கண்ணைப் பார்த்துப் போட்டார்.

பாதி வேலையில் நர்ஸக்காவை வெளியே அனுப்பினேன். "மூச்சு சீரா இருக்கு, பல்லு வந்துருச்சு, இன்னும் கால் மணி ஆகும்னு சொல்லிட்டு வாங்க" என்றேன். போய்வந்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"என்ன சொன்னார் அக்கா?"

"எந்திரிச்சு நின்னுட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம், 'மணி ரெண்டாச்சே, டாக்டர் சாப்பிட்டாங்களா?'ன்னு கேட்டாரு."

இத்தனை வருடத்தில் அந்தக் கதவுக்கு வெளியே இருந்து எனக்கு எத்தனையோ கேள்வி வந்திருக்கிறது. இது முதல் தடவை.

முயல் கண்ணைத் திறந்துவிட்டது. அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் சாப்பிடவில்லை. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

குட்டி